லயத்துக் காம்பராவில் எங்கே விலகிப் போறது? கோப முகாமைத்துவக் குழுவுக்கு ஒரு வழி வேணும்

வணக்கம். இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் (குழந்தைகள் காப்பகத்தில்) 12 ஆண்களுக்குக் கோபத்தைக் கையாளும் குழு வகுப்பு நடக்குது. ஞாயிறுதோறும் 90 நிமிஷம், மொத்தம் 8 வாரம். 5ஆவது வாரத்தில் நிற்கிறோம்.

சிக்கல் இடைவேளைப் பயிற்சியில்தான். 0 முதல் 10 வரையான கோப அளவில் 4 வந்ததுமே சொல்லிவிட்டு விலகணும், அரை மணியில் திரும்பி வந்து பேசணும். லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டில், ஒற்றைக் காம்பராவில் (அறையில்) விலக இடமேது? வெளியே இறங்கினால் கால் தவறணைக்கு (சாராயக் கடைக்கு) போகுது. மழைக்கு இஸ்தோப்பில் (வாசல் விறாந்தையில்) நின்றால் பக்கத்து வீட்டார் "என்ன சண்டையா" என்று கேட்க, 4 இருந்தது 8 ஆகுது.

எழுத வராதவர்களுக்கு, கோபம் வந்ததைப் பதியும் கோபக் குறிப்பை வண்ணப் பொட்டுகளாக மாற்றினோம், அது நல்லாப் பிடிச்சுது. பல் கடிபடுவது, காது சூடாவது மாதிரிக் கோபம் ஏறும் அடையாளம் எல்லாம் இப்போ அவர்களே சொல்றாங்க. 4 எண்ணி மூச்சிழுத்து 6 எண்ணி விடுவது மடுவத்தில் சரிவருது. அரைப்பேர் (அரைநாள் சம்பளம் மட்டும்) விழுந்த நாளில் வீட்டில் எடுபடலை. மனைவிமாரைத் தனியாகச் சந்தித்தோம். சொல்லாமல் கிளம்பினால் அலட்சியம் என்றே எடுக்கிறாங்க, நியாயம்தான்.

லயங்களில் இந்த வகுப்பு நடத்தியவர்களே, காம்பராவை விட்டு இறங்காமல் செய்யக்கூடிய என்ன இடைவேளை முறை உங்களுக்குக் கைகொடுத்தது?