ஹெட்லைட் போட்டால் ஐடிலில் நின்றுவிடும் பழைய டீசல் பிக்கப்: பம்பைக் கழற்றலாமா?

கேள்வி:
ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏற்றும் எங்கள் பிக்கப் 2003 மாடல். எஞ்சினுக்கு டீசலைச் செலுத்தும் மெக்கானிக்கல் ரோட்டரி பம்ப் உள்ள வண்டி. பகலில் எந்தக் குறையும் தெரிவதில்லை. இரவில் ஹெட்லைட்டைப் போட்டபடி ரயில்வே கேட்டில் நின்றால் வெளிச்சம் மங்குகிறது, ஐடில் (ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம்) இறங்குகிறது, சில நேரம் சாவியைத் திருப்பி அணைத்ததைப் போல எஞ்சின் நின்றுவிடுகிறது. பேட்டரி புதியது. பம்பைக் கழற்றி சர்வீஸுக்குக் கொடுக்கச் சொல்கிறார்கள். அவ்வளவு செலவு செய்வதற்கு முன் நாங்களே சோதித்துப் பார்க்க வழி உண்டா?

மறுமொழி 1 (ஆட்டோ எலக்ட்ரீஷியன், நாமக்கல்):
ஐயா, தயவுசெய்து பம்பில் இப்போது கை வைக்க வேண்டாம். இவ்வகைப் பம்புகளில் டீசல் வழியைத் திறந்து மூடும் சோலனாய்டு (கரண்டில் இயங்கும் வால்வு) ஒன்று இருக்கும்; சாவியிலிருந்து கரண்ட் வந்துகொண்டிருக்கும்வரை அது திறந்திருக்கும், வோல்ட் மிகவும் குறைந்தால் உள்ளே உள்ள ஸ்பிரிங் டீசலை அடைத்துவிடும். பழைய வண்டிகளில் ஹெட்லைட் கரண்ட் பெரும்பாலும் ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டை இயக்கும் சுவிட்ச்) இல்லாமல் சுவிட்ச் வழியாகவே போகிறது. 60/55 வாட் (ஹை 60, டிம் 55) பல்புகளை எடுத்துவிட்டு 100/90 மாட்டியிருந்தால் டிம்மிலேயே இரண்டு பல்புகளும் சுமார் 15 ஆம்பியர் இழுக்கும். தேய்ந்த சாவி சுவிட்சும் கருகிய கனெக்டரும் அதைத் தாங்குவதில்லை, சோலனாய்டுக்குப் போகும் வோல்ட்டும் விழுந்துவிடும். எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, வோல்ட் மீட்டரின் ஒரு முனையை சோலனாய்டு டெர்மினலிலும் மறு முனையை எஞ்சின் பிளாக்கிலும் வைத்து, ஹெட்லைட்டைப் போடும்போது வோல்ட் எவ்வளவு விழுகிறது என்று பாருங்கள்.

வெளிச்சம் மங்குவதற்கு எர்த்தையும் (கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பு) பார்க்க வேண்டும். எஞ்சின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருப்பதால், சேசிஸுடன் அதை மின்சாரத்துக்கு இணைப்பது பின்னல் கம்பிப் பட்டை ஒன்றுதான். அது இற்றுப்போனால் செல்ஃப் அடிக்கும்போது கரண்ட் ஆக்சிலேட்டர் கேபிள் வழியாகப் போகத் தொடங்கும்; கேபிள் சூடாகி அதன் பிளாஸ்டிக் உறை உருகியிருப்பதைப் பல வண்டிகளில் பார்த்திருக்கிறேன். விளக்குகள் எரியும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் பிளாக்குக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பட்டையை மாற்றிவிடுங்கள்.

மறுமொழி 2 (பம்ப், நாசில் வேலை செய்பவர்):
முந்தைய மறுமொழி சரியே. டீசல் லைனில் காற்று புகுந்தாலோ ஃபில்டர் அடைத்தாலோ எஞ்சின் ஏறி இறங்கி, உதறி, தள்ளாடித்தான் நிற்கும். வெட்டினாற்போல நிற்பது பெரும்பாலும் சோலனாய்டுக்கு வரும் கரண்ட்தான். ஐடில் ஸ்குருவைத் திருகி வேகத்தைக் கூட்டிச் சமாளிக்க வேண்டாம், கோளாறு மறைந்துகொள்ளும். விளக்குப் போட்டதும் ஐடில் சற்றே இறங்குவது ஆல்டர்னேட்டரின் (பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஜெனரேட்டர்) சுமையால் வருவது, அதற்குக் கவலை வேண்டாம்.

கேட்டவர்:
100/90 பல்புதான் இருந்தது. ஹெட்லைட்டைப் போட்டதும் சோலனாய்டில் 8 வோல்ட்தான் காட்டியது. எர்த் பட்டையின் போல்ட் அடியில் முழுக்கத் துரு. தேய்த்து முறுக்கியதும் வெளிச்சம் தேறியது. பேட்டரியிலிருந்து சோலனாய்டுக்கு நேராக ஒரு வயர் கொடுத்தேன், அதன்பின் எஞ்சின் நிற்கவில்லை. இப்படியே ஓட்டலாமா?

மறுமொழி 1:
ஓட்டக் கூடாது ஐயா. அந்த வயர் இருக்கும்வரை சாவியைத் திருப்பினாலும் எஞ்சின் அணையாது. ஃபியூஸ் இல்லாத அது எங்கேனும் உரசினால் தீப்பிடிக்கும். அதைக் கழற்றிவிட்டு, ஹை, டிம் இரண்டுக்கும் தனித்தனி ரிலே போட்டு, பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக லைன் எடுங்கள். 60/55 பல்புகளையே மாட்டுங்கள். அதன் பிறகும் சோலனாய்டில் 12 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் சாவி சுவிட்சை மாற்றிவிடலாம்.