எல்லைப்பெயர்ச்சி: ஏப்ரனுக்கும் கட்டமரானுக்கும் பொதுவான ஒரு கலைச்சொல்

அன்புடையீர்,

ஒரு சொல்லின் ஓரத்தில் நிற்கும் ஒலியைப் பேசுவோர் பக்கத்துச் சொல்லுக்கு உரியதாகக் கொண்டுவிட, நாளடைவில் அந்தப் புதிய வடிவமே நிலைத்துவிடும் மாற்றத்தைத் தமிழில் எப்படிக் குறிப்பது என்பதே கேள்வி. 'தவறான பிரிப்பு', 'மறுஅடைப்பு', 'பிரிமொழியாக்கம்' ஆகிய மூன்றும் முன்வைக்கப்பட்டுள்ளன. மூன்றிலும் எனக்குத் தயக்கம் இருப்பதால் 'எல்லைப்பெயர்ச்சி' என்பதை முன்மொழிகிறேன்.

முதலில், பெயரிட வேண்டிய பொருளைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் ஒருமைப் பெயருக்கு முன் 'அ' என்றோ 'ஆன்' என்றோ வரும். பேச்சில் இரண்டும் பெயரோடு ஒட்டியே ஒலிப்பதால், இடையில் நிற்கும் நகர ஒலி எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது என்பது செவிக்குத் தெளிவாவதில்லை. சமையலின்போது அணியும் ஏப்ரன், இடைக்கால ஆங்கிலத்தில் 'நேப்ரன்' என்றே வழங்கியது. மேசைவிரிப்பைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லே அதன் வேர். அதே வேரில் பிறந்த நாப்கின் தன் முதலெழுத்தைக் காத்துக்கொள்ள, 'அ நேப்ரன்' மட்டும் 'ஆன் ஏப்ரன்' ஆயிற்று. விரியன் வகைப் பாம்பான 'ஆடர்' இவ்வாறே முதலொலியை இழந்தது. ஜெர்மன் மொழியில் இன்றும் அதன் உறவுச்சொல் 'நாட்டர்' என்றே இருக்கிறது. கிரிக்கெட் அம்பயரும் ஒரு காலத்தில் 'நம்பயர்' போன்ற ஒலியுடையவர்தாம். எதிரெதிர் நிற்கும் இருவரோடும் இணைசேராத மூன்றாமவர் என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தவர் அவர். எதிர்த்திசையிலும் இது நிகழும். 'கூடுதல் பெயர்' என்னும் பொருளில் 'ஆன் ஈக்நேம்' என்றிருந்தது, முன்னிருந்த நகரத்தைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டு 'நிக்நேம்' ஆனது.

ஆரஞ்சையும் இந்த வரிசையில் சேர்ப்பது பலரின் வழக்கம். நம் நாரத்தையோடு உறவுடையதாகக் கருதப்படும் சொல், வடமொழி, பாரசீகம், அரபு வழியாக ஐரோப்பாவுக்குப் போனது என்பது உண்மையே. ஸ்பானிய மொழியின் 'நாரஞ்ஹா' இன்றும் முதலொலியோடு இருக்கிறது. ஆனால் அந்த ஒலி உதிர்ந்தது ஆங்கிலத்தில் அன்று. பிரெஞ்சிலும் இத்தாலியத்திலும் அது முன்னரே உதிர்ந்துவிட்டது. ஆகவே ஆங்கிலச் சான்றாக அதைக் காட்டாமல் இருப்பது நல்லது.

இனி, சொற்களுக்கு வருவோம். 'தவறான பிரிப்பு' என்பது விளக்கமே தவிரக் கலைச்சொல் ஆகாது. மேலும், ஒரு மொழியினர் அனைவரும் ஏற்றுக்கொண்டுவிட்ட வடிவத்தைத் தவறு என்பது மொழியியலுக்கு ஒவ்வாது. 'மறுஅடைப்பு' என்பது 'ரீபிராக்கெட்டிங்' (rebracketing) என்னும் ஆங்கிலச் சொல்லின் நேர்நிழல். தமிழில் அடைப்பு என்றால் சாக்கடையோ இதயக் குழாயோதான் பலருக்கும் முதலில் நினைவுக்கு வரும். 'பிரிமொழி' அழகான சொல். ஆனால் அணியிலக்கணத்தில், ஒரு தொடரை வெவ்வேறாகப் பிரித்து இரு பொருள் கொள்ளும் பிரிமொழிச் சிலேடை ஏற்கெனவே அந்த இடத்தைப் பிடித்திருக்கிறது.

அதைவிட ஆழமான தடை ஒன்று உண்டு. 'எழுத்தோ ரன்ன பொருள்தெரி புணர்ச்சி இசையில் திரிதல் நிலைஇய பண்பே' என்னும் தொல்காப்பியப் புணரியல் நூற்பாவுக்கு உரையாசிரியர்கள் 'செம்பொன்பதின்றொடி' என்பதை எடுத்துக்காட்டுவர். செம்பொன் பதின்தொடி என்று பிரித்தால் பத்துத் தொடி எடையுள்ள பொன். செம்பு ஒன்பதின்தொடி என்று பிரித்தால் ஒன்பது தொடி எடையுள்ள செம்பு. இங்கே இரு பிரிப்புகளும் உயிரோடு இருக்கின்றன. எந்தச் சொல்லும் உருமாறவில்லை. சிலேடையிலும் இதே நிலைதான். ஏப்ரனிலோ பழைய பிரிப்பு மறைந்து புதியது மட்டுமே எஞ்சியது. முன்னது காரணம், பின்னது விளைவு. ஆகவே இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தல் கூடாது. முன்னதற்கு, ஒரு வேற்றுமை உருபின் இடத்தில் மற்றொன்று வருவதைக் குறிக்கும் 'உருபு மயக்கம்' என்பதை ஒட்டி, 'எல்லை மயக்கம்' எனலாம். பின்னதற்கு 'எல்லைப்பெயர்ச்சி'. சனிப்பெயர்ச்சி தெரியாத தமிழர் இல்லை என்பதால் இதை விளக்குவதும் எளிது: கோள் அதேதான், வீடுதான் மாறுகிறது. 'எல்லை பெயர்ந்த சொல்', 'எல்லை பெயர்ந்து வந்தது' என வினையாகவும் அடையாகவும் இயல்பாக நீள்வது இச்சொல்லின் இன்னொரு வசதி.

இரு சொற்களுக்கு இடையில் மட்டுமன்றி, ஒரு சொல்லுக்குள்ளேயே எல்லை பெயர்வதையும் இது தாங்க வேண்டும். ஹாம்பர்க் நகரின் பெயரோடு விகுதி சேர்ந்து அமைந்த ஹாம்பர்கரை 'ஹாம்', 'பர்கர்' எனப் பிரித்ததால்தான் சீஸ்பர்கர் பிறந்தது. 1861இல் பிரெஞ்சில் உருவான ஹெலிகாப்டரின் பெயர், சுருளைக் குறிக்கும் 'ஹெலிகோ', சிறகைக் குறிக்கும் 'ப்டெர்' என்னும் கிரேக்கக் கூறுகளால் ஆனது. ஆங்கிலம் அதை 'ஹெலி', 'காப்டர்' என வெட்டி 'ஹெலிபோர்ட்' என்றும் வழங்குகிறது. (ஹெலிகாப்டருக்கு ஈழத்தில் வழங்கும் 'உலங்கூர்தி'க்கு இந்தத் தொல்லை இல்லை.) நம் கட்டுமரமும் தப்பவில்லை. மரங்களைச் சேர்த்துக் கட்டிய மிதவையின் பெயர் ஆங்கிலத்தில் 'கட்டமரான்' ஆகி இரட்டை உடல் படகைக் குறிக்கத் தொடங்க, மூன்று உடல் கொண்டதற்கு 'ட்ரைமரான்' என்று பெயரிட்டார்கள். 'மரான்' என்பது அங்கே மரம் அன்று, படகின் வகை.

இவ்வாறு வெட்டுண்டு தனிவாழ்வு பெற்ற 'பர்கர்', 'காப்டர்', 'மரான்' போன்ற துண்டுகளுக்கும் ஒரு பெயர் தேவைப்படுகிறது. விகுதி என்றால் அவை அதற்குரிய இலக்கணத்துக்குள் அடங்கா. பெயர்ந்த கூறு என்னும் பொருளில், தற்காலிகமாக 'பெயர்கூறு' என எழுதிவருகிறேன். பெயர்ச்சொல்லின் கூறு என்று படிக்கப்படும் இடர் அதில் இருப்பதால், மாற்று இருப்பின் தெரிவிக்க வேண்டுகிறேன்.