941-தான் வருகிறது, மீதி 59 எங்கே?

ஈரோடு_நெட்:
நேற்று இங்கே ஒருவர், "ஐபெர்ஃப்3 (இரண்டு கணினிகளுக்கு நடுவே வேகம் அளக்கும் நிரல்) ஓட்டி செகண்டுக்கு 941 மெகாபிட் வந்தால், கணினிகளை இணைக்கும் சுவிட்ச் பத்தரைமாற்றுத் தங்கம், நிம்மதியாகத் தூங்கப் போகலாம்" என்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல் தாங்கவில்லை. ஜிகாபிட் என்று சொல்லித்தானே காசு வாங்குகிறார்கள்? ஜிகாபிட் என்றால் 1000 மெகாபிட். இரண்டு உபுண்டு லேப்டாப், நடுவில் 8 போர்ட் சுவிட்ச், கேட்-6 கேபிள். பத்து முறை ஓட்டினேன், பத்து முறையும் 941. கறிக்கடையில் ஒரு கிலோ கேட்டு 941 கிராம் நிறுத்துக் கொடுத்தால் சும்மா வாங்கி வருவீர்களா?

ஆசிக்_அண்ணாச்சி:
அந்த "ஒருவர்" நான்தான். பெயர் சொல்லியே திட்டலாம்.

தம்பி, கிலோவில் எலும்பும் சேர்த்தி. தரவு கம்பியில் ஃப்ரேம் என்கிற சின்னச் சின்னப் பாக்கெட்டுகளாகத்தான் போகும். ஒரு ஃப்ரேமுக்குள் 1500 பைட் போகிறது. அதைக் கம்பியில் ஏற்ற இன்னும் 38 பைட் வேண்டும்: தொடக்கத்தை அறிவிக்க முன்னால் 8, யாருக்கு என்று எழுதும் ஈதர்நெட் ஹெடர் (தலைப்பு) 14, பிழை பார்க்க 4, அடுத்த ஃப்ரேம் வருவதற்குள் விட வேண்டிய இடைவெளி 12. ஆக 1538. அந்த 1500-க்குள்ளும் முகவரி எழுதும் ஐபி ஹெடர் 20, எல்லாம் ஒழுங்காகச் சேர்ந்ததா என்று பார்க்கும் டிசிபி ஹெடர் 20, லினக்ஸ் (உங்கள் உபுண்டு அதில் ஒரு வகை) வைக்கிற டைம்ஸ்டாம்ப் என்ற நேரக் குறிப்பு 12 பைட்டைத் தின்றுவிடும். உங்கள் சரக்கு 1448. அதை 1538-ஆல் வகுங்கள், 0.9415 வரும். சுவிட்சைக் கழற்றிவிட்டு இரண்டு லேப்டாப்பையும் ஒரே கேபிளில் நேராக இணைத்தாலும் இதே 941-தான். செய்து பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.

ஈரோடு_நெட்:
தம்பி எல்லாம் வேண்டாம், எனக்கு 46 வயது. நேராக இணைக்க இப்போது முடியாது, இன்னொரு லேப்டாப்பில் மகளுக்கு வகுப்பு நடக்கிறது.

எங்கள் ஆபீசில் புதிதாக ஒரு மேனேஜ்டு சுவிட்ச் (அமைப்புகளை நாமே மாற்றக்கூடியது) வாங்கியிருக்கிறோம். இரண்டு விண்டோஸ் கணினி வைத்து அதே ஐபெர்ஃப் ஓட்டினேன். 949! உங்கள் எலும்புக் கணக்கு எல்லா சுவிட்சுக்கும் பொது என்றால் இந்த 8 மெகாபிட் எங்கிருந்து வந்தது? நல்ல சுவிட்ச் அதிகம் தரும், மட்டமான சுவிட்ச் 941 தரும். அவ்வளவுதான்.

ஆசிக்_அண்ணாச்சி:
இதைக் கேட்பீர்கள் என்றுதான் காத்திருந்தேன். விண்டோஸ் அந்த டைம்ஸ்டாம்பை இயல்பாக வைப்பதில்லை. 12 பைட் மிச்சம், சரக்கு 1460 ஆகிறது. 1538-ஆல் வகுத்தால் 0.949. உபுண்டுவில் டைம்ஸ்டாம்பை அணைத்துவிட்டு வீட்டில் இருக்கும் அதே "மட்டமான" சுவிட்சில் ஓட்டுங்கள், அதுவும் 949 தரும். சுவிட்ச் ஜம்போ ஃப்ரேமை (1500-ஐவிடப் பெரிய ஃப்ரேம்) விடுமானால் இரண்டு பக்கமும் 9000 பைட் வையுங்கள், 990 வரும். பெட்டி அதேதான். மூன்று எண் வந்தால் மூன்று சுவிட்ச் என்று எழுதுவீர்களோ?

94 வந்தால் சொல்லுங்கள், கவலைப்படலாம். உள்ளே ஏதோ ஒரு ஜோடி வயர் ஒட்டாமல் 100 மெகாபிட்டுக்கு இறங்கியிருக்கும். 941-க்கு அழுகிறவரை இன்றுதான் பார்க்கிறேன்.

கிரிம்பிங்_குமார்:
941-ஐ விடுங்கள் அண்ணே. சுவிட்சின் ஐபி முகவரிக்கே பிங் (பதில் வர எவ்வளவு நேரம் என்று பார்க்கும் சோதனை) அடித்துப் பார்த்தேன். 1, 1, 2, திடீரென்று 40 மில்லி செகண்ட். சுவிட்ச் திணறுகிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

ஆசிக்_அண்ணாச்சி:
குமார், பிங்குக்குப் பதில் சொல்வது உள்ளே இருக்கிற குட்டி சிபியூ. அதற்கு ஆயிரம் வேலை, பிங் கடைசி வேலை. போர்ட்டுக்குப் போர்ட் தாண்டும் பாக்கெட்டுகளைத் தனி சிப் பார்த்துக்கொள்கிறது. வாட்ச்மேன் டீ குடித்துவிட்டு மெதுவாகப் பதில் சொன்னார் என்பதற்காக கேட்டில் லாரி நின்றுவிட்டது என்பீர்களா? சுவிட்சுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கணினிக்கு அடியுங்கள். போர்ட்டில் சிஆர்சி பிழை (வழியில் சிதைந்து வந்த ஃப்ரேம்) எண்ணிக்கை ஏறுகிறதா என்றும் பாருங்கள். ஏறினால் பெரும்பாலும் நீங்கள் கிரிம்ப் செய்த (கேபிளில் பிளக்கை அழுத்திப் பொருத்திய) முனைதான்.

கிரிம்பிங்_குமார்:
என் கிரிம்பிங்கைப் பற்றிப் பேச வேண்டாம். பதினோரு வருடத் தொழில்.

பாக்கெட்_பைத்தியம்:
"வேகம்" என்று எதைச் சொல்கிறோம் என்று முதலில் முடிவு செய்யலாமா? கம்பியில் ஓடுவது வேறு, நம் கைக்கு வருவது வேறு.

ஈரோடு_நெட்:
வேகம் என்றால் வேகம். 941.

லேப்_காரன்:
அண்ணாச்சி சொல்வதும் முழு உண்மை இல்லை. 941-ஐ வைத்து சுவிட்சுக்கு எப்படிச் சான்றிதழ் கொடுப்பீர்கள்? முழு நீள ஃப்ரேம் என்றால் செகண்டுக்குச் சுமார் 81,000 பாக்கெட்தான். 64 பைட் ஃப்ரேமில் அதே ஜிகாபிட்டை நிரப்ப 14,88,095 பாக்கெட் தாண்ட வேண்டும். 1999-இல் வந்த ஆர்எஃப்சி 2544 (நெட்வொர்க் கருவிகளைச் சோதிக்கும் முறையைச் சொல்லும் ஆவணம்) சின்ன ஃப்ரேமிலிருந்து பெரியதுவரை தனித்தனியாகச் சோதிக்கச் சொல்வது அதனால்தான். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம், சரி. 24 போர்ட் சுவிட்சுக்கு இரண்டு போர்ட் பதமாகாது.

ஆசிக்_அண்ணாச்சி:
வாருங்கள் வாருங்கள். போன வருடம் "லைனில் 1 மெகாபிட்தான் வருகிறது" என்று இங்கே ஊரைக் கூட்டியவர் யார்? யூடிபி (பாக்கெட் சேர்ந்ததா என்று பார்க்காமல் அனுப்பும் முறை) சோதனையில் வேகத்தைக் குறிப்பிடாவிட்டால் ஐபெர்ஃப்3 1 மெகாபிட்தான் அனுப்பும் என்று நான் சொன்ன பிறகுதானே அடங்கினீர்கள்? இன்று ஆர்எஃப்சி எண் சொல்கிறீர்கள். வீட்டில் படம் பார்க்கிறவருக்கு 64 பைட் சோதனை எதற்கு?

லேப்_காரன்:
கேள்விக்குப் பதில் இல்லை என்றால் பழைய கதை. ஆபீஸ் சுவிட்சைப் பற்றியும்தானே பேச்சு? 24 போர்ட்டையும் ஒரே நேரத்தில் நிரப்பிப் பார்த்திருக்கிறீர்களா, இல்லையா?

ஆசிக்_அண்ணாச்சி:
நீங்கள் 1 மெகாபிட்டைத் தாண்டிய பிறகு சொல்கிறேன்.

ஈரோடு_நெட்:
இரண்டு பேரும் என் கேள்வியை மறந்துவிட்டீர்கள். எலும்பு என்றால் டப்பாவிலேயே 941 என்று அச்சடிக்கட்டுமே?

ஆசிக்_அண்ணாச்சி:
நேராக இணைத்துப் பார்த்தீர்களா, இல்லையா?

ஈரோடு_நெட்:
வகுப்பு முடிந்தது, இணைத்தேன். சுவிட்ச் இல்லாமலும் 941. ஆக, கடைக்காரன் கேபிளிலும் ஏமாற்றியிருக்கிறான்.

கிரிம்பிங்_குமார்:
கடையில் ரெடிமேடாக வாங்கினால் இப்படித்தான். முனை யார் போட்டது?