மணிக்கொரு செய்தியைக் கொன்றது கைப்பேசியா, ரீகனா?

நியூஜெர்சி நாகு:
நேத்து பக்கத்து இழையில மணிமுத்தாறு எழுதினதைப் படிச்சதுலேர்ந்து மனசு ஆறலை. அமெரிக்கத் தனியார் வானொலியில மணிக்கு மணி வந்துட்டிருந்த நெட்வொர்க் செய்தி (ஒரே இடத்துலேர்ந்து பல ஊர் நிலையங்களுக்குப் போற பொதுச் செய்தி) "கைப்பேசி வந்ததாலதான் செத்துச்சு, கேக்க ஆள் இல்ல, அவ்வளவுதான்"னு ஒரே வரியில முடிச்சிட்டார். ஐபோன் வந்தது 2007ல. மியூச்சுவல் நெட்வொர்க் மூடினது 1999ல. என்பிசி தன் வானொலி நெட்வொர்க்கை வெஸ்ட்வுட் ஒன்ங்கிற வானொலி நிறுவனத்துக்கு வித்தது 1987ல. அப்ப யார் கையில சார் கைப்பேசி இருந்தது?

கொன்னது ரீகன். 1981 வரைக்கும் ஏஎம் நிலையம்னா 8 சதவீத நேரம், எஃப்எம்னா 6 சதவீத நேரம், பாட்டு கூத்து இல்லாத நிகழ்ச்சி இருக்கணும். இல்லைன்னா உரிமம் புதுப்பிக்கிறப்ப எஃப்சிசி (வானொலிக்கு உரிமம் குடுக்கிற அமெரிக்க அரசு ஆணையம்) கேள்வி கேக்கும். சின்ன ஊர் நிலையத்துல நிருபர் வெச்சுக்க ஏது காசு? சிபிஎஸ், ஏபிசி, மியூச்சுவல்னு ஏதாவது ஒண்ணோட அஞ்சு நிமிஷச் செய்தியை அப்படியே எடுத்துப் போடுவாங்க. கூடவே வர்ற நெட்வொர்க் விளம்பரத்தையும் ஒலிபரப்பினா கணக்கு தீர்ந்தது. 1981ல எஃப்சிசி அந்த 8 சதவீதத்தை எடுத்ததும் "இந்த அஞ்சு நிமிஷத்துல ரெண்டு பாட்டு போடலாமே"ன்னு முதலாளிக்குத் தோணிச்சு. கதை முடிஞ்சது.

மணிமுத்தாறு:
நாகு அண்ணாச்சி, ஆவேசமா எழுதுதீங்க, தேதியைப் பாத்து எழுதக்கூடாதா? எஃப்சிசி அந்த முடிவை எடுத்தது 1981 ஜனவரி 14. ரீகன் பதவியேத்தது ஜனவரி 20. அன்னைக்கு ஆணையத் தலைவர் சார்லஸ் ஃபெரிஸ், கார்ட்டர் போட்ட ஆளு. முன்மொழிவு 1979லயே வந்தாச்சு. கொலை நடந்த அன்னைக்கு அந்த வீட்டுக்கே குடிவராத மனுசனைப் பிடிச்சு கூண்டுல ஏத்துதீங்க.

நியூஜெர்சி நாகு:
அரசிதழ்ல வந்தது பிப்ரவரி 24. அப்ப வெள்ளை மாளிகையில யார் இருந்தாங்க? கார்ட்டரா?

வானொலிக்காரி:
ரெண்டு பேரும் முதல்ல ஒண்ணு சொல்லுங்க. நெட்வொர்க் செய்தின்னு எதைச் சொல்றீங்க? மணி அடிச்சதும் நியூயார்க்லேர்ந்து வர்ற அஞ்சு நிமிஷமா, இல்ல நாள் பூரா செய்தியே சொல்ற உள்ளூர் நிலையமா? ரெண்டும் வேற வேற.

மணிமுத்தாறு:
அரசிதழ்ல அச்சாகுத நாளைத்தான் முடிவெடுத்த நாள்னு சொல்லுவீங்களா? தாலி கட்டின நாள் ஒண்ணு, பத்திரம் பதிஞ்ச நாள் ஒண்ணு. கல்யாண நாள் எது அண்ணாச்சி? ஜனவரி 14.

கிச்சா:
நாகு சார் சொல்ற 8 சதவீதம் சட்டமே இல்ல. அதுக்குக் கீழ போனா உரிமக் கோப்பு அலுவலர் மட்டத்துல முடியாம ஆணையர்கள் மேசைக்குப் போகும், அவ்வளவுதான். அதோட அந்த 8ல செய்தி மட்டும் இல்ல, ஞாயித்துக்கிழமை பிரசங்கமும் சேரும். நிலையங்கள் அந்த அளவுக்கு மேலயே தானா கொடுத்திட்டிருக்குன்னு சொல்லித்தான் எஃப்சிசி அதை எடுத்தது. என்பிசி போனது எப்படின்னும் தெரிஞ்சுக்கோங்க. 1986ல என்பிசியோட தாய் நிறுவனமான ஆர்சிஏவை ஜெனரல் எலக்ட்ரிக் வாங்கிச்சு, அடுத்த வருஷமே வானொலி நெட்வொர்க்கைத் தள்ளிவிட்டுச்சு. இதுல ரீகன் எங்க வர்றார்?

நியூஜெர்சி நாகு:
பிப்ரவரி 24ல வர்றார்.

கோப்பு மேல போகும், "அவ்வளவுதான்"னு சொல்றீங்க. நிலையம் வெச்சிருக்கிறவனுக்கு உரிமம்தான் உயிர். கோப்பு மேல போகும்ங்கிற பயம் ஒண்ணே போதும், நாலு வேளை செய்தி போடுவான். பயம் போச்சு, செய்தி போச்சு. ரீகன் வந்ததும் அந்த ஆணையை நிறுத்தி வெச்சிருக்கலாமே? வெச்சாரா? 1987ல நியாயக் கோட்பாட்டை (சர்ச்சையான விஷயத்துல எல்லாத் தரப்புக்கும் நிலையம் இடம் குடுக்கணும்ங்கிற விதி) சட்டமாக்கிக் காங்கிரஸ் அனுப்பினதை வீட்டோ பண்ணினவர் யாரு? அதே வருஷம் ஆகஸ்ட்ல எஃப்சிசி அந்தக் கோட்பாட்டையே தூக்கிச்சு. இதுக்கும் கார்ட்டர்தான் பொறுப்புன்னு சொல்லுங்க, கேட்டுக்கறேன்.

கிச்சா:
நியாயக் கோட்பாட்டுக்கும் மணிக்கொரு செய்திக்கும் என்ன சம்பந்தம்? அது போனதும் வலதுசாரிப் பேச்சாளர் ரஷ் லிம்பாவோடது மாதிரி அரசியல் பேச்சு நிகழ்ச்சிகள் பெருகிச்சு. ஆனா நெட்வொர்க் செய்தியை மணிக்கு மணி விடாம வெச்சிருந்ததே அந்தப் பேச்சு நிலையங்கள்தான். கைவிட்டது எஃப்எம் பாட்டு நிலையங்கள். எழுபதுகளோட கடைசியிலயே எஃப்எம் கேக்குறவங்க ஏஎம்மை மிஞ்சியாச்சு.

சுதன் ஸ்காபரோ:
அண்ணைமார், நான் இருபது வருசத்துக்கு மேல லொறி ஓடுறன். டெட்ரோய்ட் தாண்டி ஒஹாயோவுக்குள்ள இறங்கினா முந்தி எந்தச் சின்ன ஊர் றேடியோவைத் திருப்பினாலும் மணி அடிக்கச் செய்தி வரும். அதைக் கேட்டுத்தான் நித்திரை முறிக்கிறனான். இப்ப பாட்டுக்குப் பிறகு பாட்டு. ஒரு மாரியில பனிப்புயலுக்குள்ள மாட்டுப்பட்டு நிண்டன். அந்த இடத்து றேடியோவில ஒருத்தன் "இண்டைக்கு அருமையான இரவு" எண்டு சொல்லிக்கொண்டிருக்கிறான். எங்கேயோ இருந்து முதல்நாளே பதிஞ்ச குரல். அந்த நிலையத்தின்ர பேர் சொல்ல விருப்பமில்லை. வடக்கு டக்கோட்டாவில மைனொட் எண்ட ஊரில 2002 ஜனவரியில ரயில் கவிழ்ந்து அமோனியா பரவின இரவும் இந்தக் கதைதானே? ஊரில இருந்த வணிக நிலையம் ஆறும் ஒரே கொம்பனியின்ர கையில. பொலிஸ் அடிக்க ஒருத்தரும் போன் எடுக்கேல்லையாம்.

கிச்சா:
ஆள் இருந்தார், ஊரே கூப்பிட்டதால தொலைபேசி அடைச்சுக்கிச்சுன்னுதான் அந்த நிறுவனம் சொன்னது. அவசர எச்சரிக்கைக் கருவியைப் போலீஸ் சரியா அமைச்சு வெக்கலைங்கிற பேச்சும் இருக்கு. பாதிக் கதை வேண்டாம்.

சுதன் ஸ்காபரோ:
ஒரு சனம் செத்துப்போச்சு. முந்நூறுக்கு மேல காயம். அது முழுக் கதைதானே?

நியூஜெர்சி நாகு:
சுதன் சொல்றதைத்தான் நான் முதல்லேர்ந்து சொல்றேன். 1981ல பிடிச்ச வியாதி அங்க வந்து முத்திச்சு.

மணிமுத்தாறு:
ஒரு கம்பெனி எத்தனை நிலையம் வேணும்னாலும் வாங்கலாம்னு நாடு முழுக்க இருந்த உச்சவரம்பை எடுத்தது 1996 தொலைத்தொடர்புச் சட்டம். அதுக்கு முன்னால 40தான். கையெழுத்துப் போட்டது கிளின்டன். அவரையும் ரீகன் கணக்குல எழுதிருவீங்களோ? வெஸ்ட்வுட் ஒன் செய்திப் பிரிவு 2020 ஆகஸ்ட்ல நின்னுச்சே, அதுவும் 1981ஆ? உங்க உயிருக்குயிரான நியூயார்க் செய்தி நிலையம் டபிள்யூசிபிஎஸ் 880ஐயே எடுத்துக்கோங்க. 57 வருசம் செய்தி சொன்ன நிலையம் 2024 ஆகஸ்ட் 26ல விளையாட்டு நிலையமா மாறிச்சு. ஜனவரி 14 முடிவுக்கு 43 வருசம் கழிச்சு! அந்த 43 வருசத்துல கைல போன் வந்துச்சா இல்லையா?

வானொலிக்காரி:
880 உள்ளூர் செய்தி நிலையமா இருந்தது. நெட்வொர்க் செய்தி அதுல மணிக்கொரு தடவை வந்துபோன பகுதி. இதைத்தான் முதல்லயே கேட்டேன்.

நியூஜெர்சி நாகு:
880 பத்தி நீங்க பேசாதீங்க, மணிமுத்தாறு. 2001 செப்டம்பர்ல இரட்டைக் கோபுரம் விழுந்தப்ப நான் அந்தக் குரல்களைக் கேட்டுக்கிட்டே நியூஜெர்சி டர்ன்பைக் நெடுஞ்சாலையில நின்னவன். டல்லாஸ்ல உக்காந்துக்கிட்டு ஆண்டுக் கணக்குப் பாக்குறவங்களுக்கு அது தெரியாது. கரையான் அரிச்ச உத்தரம் விழ 43 வருஷம் ஆகும். விழுந்த அன்னைக்குக் காத்து அடிச்சுதுன்னு சொல்லிக் காத்து மேல பழி போடுறீங்க. கரையான் வந்த நாள் பிப்ரவரி 24.

மணிமுத்தாறு:
டல்லாஸ்ல இருக்குதவனுக்குக் காது கிடையாதா? போன மாசம் இலங்கை வானொலி 1925ல தொடங்கினதுன்னு சுதன் சொன்னப்போ "இல்ல, போருக்கு அப்புறம்தான்"னு மூணு நாள் மல்லுக்கு நின்னதும் நீங்கதான். அதுக்கும் இன்னைக்கு வரை பதில் இல்ல.

நியூஜெர்சி நாகு:
நான் சொன்னது வர்த்தக ஒலிபரப்பை. அதைத் திரிச்சது நீங்க. அந்த இழையோட தொடுப்பை எடுத்துப் போடவா?

சுதன் ஸ்காபரோ:
அண்ணை, நீங்கள் அண்டைக்கு வர்த்தகம் எண்ட சொல்லே எழுதேல்லை.

நியூஜெர்சி நாகு:
சுதன், நீங்களுமா? சரி, அதுக்குத் தனி இழை போடுறேன், அங்க வாங்க. இங்க பேச்சு ரீகன். முடிவை எடுத்தவங்க வேற, அமல்படுத்தினவங்க வேற. 1983ல மேல்முறையீட்டு நீதிமன்றத்துல அந்த ஆணையைக் காப்பாத்த நின்ன ஆணையம் யாரோடது? ஃபெரிஸ் இருந்தாரா அங்க?

கிச்சா:
நீதிமன்றம் பெரும்பகுதியை ஏத்துக்கிச்சே, அதைச் சொல்லலையே?

மணிமுத்தாறு:
கேட்டது ஒரே கேள்வி. ஜனவரி 14 அன்னைக்கு ஜனாதிபதி யாரு? ஒத்தை வார்த்தையில சொல்லுங்க அண்ணாச்சி.

நியூஜெர்சி நாகு:
ஒத்தை வார்த்தையில சொல்ல நான் வினாடி வினாவுக்கு வரலை. அரசிதழ்ப் பக்கத்தைப் படம் எடுத்து சாயங்காலம் போடுறேன்.