காஞ்சனை பேயா, மனமயக்கமா?

கேள்வி (சுங்கை சிப்புட், மலேசியா):
எங்கள் தோட்டத்து வாசகர் வட்டத்தில் புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’ சிறுகதையைப் படிக்கவிருக்கிறோம். அதில் வீட்டு வேலைக்குச் சேர்க்கப்படும் காஞ்சனை என்னும் பிச்சைக்காரி பேய்தானா, அல்லது கதைசொல்லியின் மனமயக்கமா?

மறுமொழி 1:
அதை முடிவு செய்யாமல் விட்டதே கதையின் வலிமை என்று கருதுகிறேன். கதைசொல்லி ஓர் எழுத்தாளன், கற்பனையிலேயே பழகியவன். ஆகவே அவன் கண்டதாகச் சொல்வதை நம்புவதா, ஐயுறுவதா என்னும் பொறுப்பு வாசகரிடம் வந்துவிடுகிறது. 1898இல் வெளிவந்த ஹென்றி ஜேம்ஸின் ஆங்கிலக் குறுநாவலான ‘தி டர்ன் ஆஃப் த ஸ்க்ரூ’விலும் ஆவிகளைக் கண்டதாகச் சொல்பவள் குழந்தைகளுக்குப் பாடம் சொல்ல வந்த ஆசிரியை ஒருத்தியே; அவளை நம்புவதா என்ற ஐயம் அங்கும் எழுகிறது.

மறுமொழி 2:
பேய் உண்மையா, மயக்கமா என்ற இந்த ஐயம் பெரும்பாலும் நவீன இலக்கியத்துக்கு உரியது. பழைய போர்க் காவியமான கலிங்கத்துப்பரணியில் பேய்கள் போர்க்களத்திலேயே கூழ் சமைத்து உண்கின்றன. அவை உண்டா என்று அங்கே எவரும் கேட்பதில்லை. தோட்டத் தொழிலாளரின் லயத்து வீடுகளில் காவல் தெய்வமான முனியாண்டியின் கதைகளை ஐயமின்றிக் கேட்டு வளர்ந்த நம் மூத்தவர்களையும் வட்டத்துக்கு அவசியம் அழையுங்கள்.