ஆசிரியர் கையில் துப்பாக்கி வேண்டுமா?

கேள்வி: அமெரிக்காவின் டெனசி மாநிலம் ஆசிரியர்கள் பாடசாலையில் துப்பாக்கியை மறைத்து வைத்திருக்க அனுமதித்து 2024இல் சட்டம் இயற்றியது. அங்கு வாழும் என் தங்கை அதை ஆதரிக்கிறாள். யாழ்ப்பாணத்தில் படிப்பிக்கும் எனக்கு உடன்பாடில்லை. உங்கள் கருத்து என்ன?

பதில் 1: அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்து பார்க்லண்டில் ஒரு பாடசாலையில் 2018இல் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, ஆயுதம் தாங்கிய காவல் அலுவலர் வளாகத்தில் இருந்தும் கட்டடத்துக்குள் செல்லவில்லை. பயிற்சி பெற்றவரே தயங்கிய இடத்தில் கணித ஆசிரியை என்ன செய்வார்?

பதில் 2: அண்ணா, தொலைவிலுள்ள கிராமத்துக்குப் பொலிஸார் வந்துசேரும் நேரத்தையும் எண்ணுங்கள். சட்டம் எவரையும் கட்டாயப்படுத்தவில்லை. அதிபரின் சம்மதமும் 40 மணித்தியாலப் பயிற்சியும் வேண்டும். பெற்றோருக்கு அறிவிக்கமாட்டார்கள் என்பதே எனக்கு நெருடுகிறது.

பதில் 3: இங்கே 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பின் வாசலில் புத்தகப்பைகளைச் சோதித்தபோதே சிறுவர்கள் மிரண்டார்கள். துப்பாக்கியை லாச்சியில் பூட்டி வைத்தாலும் திறப்பு யாரிடம் இருக்கும், தம்பி?