ரஸ்டி நெயில் கலந்தால் இருமல் மருந்து மாதிரி வருகிறது, எங்கே தப்பு?

லாஸ்பேட்டைக்காரன்

வணக்கம். புதுச்சேரியிலிருந்து எழுதுகிறேன். சின்ன விஷயம்தான், ஆனால் இரண்டு சனிக்கிழமையாக மண்டை காய்கிறது.

பிரான்ஸிலிருந்து சித்தப்பா வருகிறார். அந்த ஊர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால் சொல்தா. ஜூலை 14 காலையில் கடற்கரைச் சாலை போர் நினைவிடத்தில் மெடல் குத்திக்கொண்டு நிற்பார், சாயங்காலம் எங்கள் வீட்டு மொட்டை மாடி. போனில், "டேய், ஒரு ரஸ்டி நெயில் போட்டுக் கொடுப்பியா" என்று கேட்டார். எனக்கு பீரைத் தாண்டி ஒன்றும் தெரியாது. போனிலேயே தலையாட்டிவிட்டேன்.

ஸ்காட்ச் விஸ்கியும் டிராம்பூயி என்ற தேன் லிக்கரும் (இனிப்புச் சாராயம்) சேர்த்தால் ரஸ்டி நெயில் என்று படித்தேன். ஸ்காட்ச் வாங்கிவிட்டேன், இந்தியாவில் பாட்டிலில் அடைத்ததுதான். டிராம்பூயி மூன்று கடையில் கேட்டும் இல்லை. சரி, நாமே செய்வோம் என்று ஸ்காட்சில் தேன், கிராம்பு, பட்டை, ஏலக்காய் போட்டு ஐந்து நாள் மூடி வைத்தேன். அப்புறம் ஸ்காட்ச் 30, இந்தத் தேன் சரக்கு 30, ஐஸ், அரை எலுமிச்சம்பழம் பிழிந்து விட்டேன்.

முதல் மடக்கு தொண்டையைச் சுடுகிறது. நடுவில் அப்படியே இருமல் மருந்து. அடியில் வந்தால் சர்க்கரை ஜீரா. நாக்கு மரத்துப்போகிறது. பார்க்கவும் கலங்கலாக, சோப்புத் தண்ணீர் போல இருக்கிறது. பத்து நிமிடம் விட்டால் தண்ணீர். என் மனைவி மோந்து பார்த்துவிட்டு "மீன் வாடை வேற வருது" என்றாள்.

எங்கே தப்பு?

சோடாமூடி

இதைக் குடித்து முடித்தால் உங்கள் சித்தப்பாவுக்கு இன்னொரு மெடல் கொடுக்க வேண்டியிருக்கும்.

வில்லியனூர் வேலு

நான்கு கேள்வி. தேன் எத்தனை மில்லி? கிராம்பு எத்தனை, வெளியே எடுத்தீர்களா இல்லையா? கிளாஸில் ஊற்றியபின் கலக்கினீர்களா? தேனைக் கரைக்க எதையாவது சூடு பண்ணினீர்களா?

லாஸ்பேட்டைக்காரன்

ஒரு குவார்ட்டர், அதாவது 180 மில்லி ஸ்காட்சுக்குத் தேன் 150 மில்லி. கிராம்பு ஆறு, இன்னும் உள்ளேயேதான் கிடக்கிறது. கிளாஸை ஒரு சுழற்று சுழற்றினேன், அவ்வளவுதான். தேன் கரையவே இல்லை, அதனால் ஸ்காட்சோடு சேர்த்துக் கேஸ் அடுப்பில் சிம்மில் வைத்தேன்.

பழைய பார்மேன்

தம்பி, மற்றதெல்லாம் அப்புறம். அடுப்பு விஷயத்தை முதலில் பேசிவிடுவோம். 40 சதவீத சாராயத்திலிருந்து கிளம்பும் ஆவி சுமார் 26 டிகிரியிலேயே நெருப்பைப் பிடிக்கும். நம் ஊரில் ராத்திரி இரண்டு மணிக்குக்கூட அந்தச் சூடு இருக்கும். அதைப் போய் எரிகிற பர்னர் மேல் வைத்திருக்கிறீர்கள். இனிமேல் வேண்டாம். தேனைத்தான் இளக்க வேண்டும், அதுவும் வெதுவெதுப்பான தண்ணீர் இரண்டு ஸ்பூன் விட்டுக் கிண்ணத்தில் கலக்கினாலே இளகிவிடும். ஆறியபின் ஸ்காட்சை ஊற்றுங்கள். அடுப்புப் பக்கமே போக வேண்டியதில்லை.

இருபது வருஷம் ஓட்டல் பாரில் நின்றவன் நான். உங்கள் வீட்டில் நடந்தது ஒரு தப்பு இல்லை, நாலைந்து தப்பு ஒரே கிளாஸில் கூடிவிட்டது.

நாக்கு மரத்துப்போவது கிராம்பு வேலை. பல் வலிக்குக் கிராம்பு எண்ணெய் வைப்போமே, அதே சத்துதான். சாராயம் அதைத் தண்ணீரைவிட நன்றாக உறிஞ்சி எடுக்கும். ஆறு கிராம்பு ஐந்து நாள் ஊறினால் அது பல் டாக்டர் ரூம். ஒரே ஒரு கிராம்பு போதும், போட்ட இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும். பட்டையும் அப்படித்தான், ரொம்ப நேரம் விட்டால் துவர்க்கும். ஏலக்காய் ஒன்று, சோம்பு அரை ஸ்பூன், ஒரு நாள் ஊறட்டும். குங்குமப்பூ இருந்தால் நாலு இழை. டிராம்பூயியில் என்னென்ன மூலிகை என்பது ரகசியம். ஸ்காட்ச், ஹெதர் பூத்தேன், மூலிகை, மசாலா என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். அதனால் நீங்கள் செய்வது டிராம்பூயி ஆகாது, ஒரு தேன் லிக்கர். நன்றாகவே வரும், ஆனால் சித்தப்பாவிடம் பெயரை மாற்றிச் சொல்லாதீர்கள்.

தேன் 180க்கு 150 ரொம்ப அதிகம். 60 போடுங்கள்.

மேலே நெருப்பு, அடியில் ஜீரா என்றீர்களே, அது கலக்காததால் வந்தது. தேன் சரக்கு கனம், நேரே அடியில் போய் உட்காரும். ஸ்காட்ச் மேலே நிற்கும். நீங்கள் முதலில் வெறும் ஸ்காட்சைக் குடித்தீர்கள், கடைசியில் வெறும் தேனை. நீளமான ஸ்பூனை அடிவரை விட்டு, ஐஸோடு சேர்த்து இருபது முப்பது விநாடி சுற்றுங்கள். குலுக்க வேண்டாம். குலுக்கினால் காற்று ஏறிக் கலங்கும், இந்தச் சரக்குக்குத் தெளிவுதான் அழகு. துரு நிறத்தில் விளக்கு வெளிச்சம் ஊடுருவிப் போக வேண்டும்.

அளவுக்கு வருகிறேன். சர்வதேச பார்டெண்டர் சங்கம் வைத்திருக்கும் அளவு ஸ்காட்ச் 45, டிராம்பூயி 25. பழைய ஆட்கள் சம அளவு போடுவார்கள். வீட்டுத் தேன் சரக்குக்கு நான் 45க்கு 15 தான் சொல்வேன். அளக்க ஒன்றும் வாங்க வேண்டாம், இருமல் மருந்தோடு வரும் பிளாஸ்டிக் மூடியில் 5, 10, 15 என்று கோடு இருக்கும். கழுவிவிட்டு எடுங்கள், இல்லாவிட்டால் மறுபடி அதே புகார் வரும்.

வெண்ணெய் பிஸ்கட்

45க்கு 15 போட்டால் அது ரஸ்டி நெயிலே இல்லை, தேன் தடவிய விஸ்கி. இனிப்பாக இருப்பதுதான் அதன் லட்சணம். சாப்பாடு முடிந்தபின் குடிக்கிற சரக்கு அது. சித்தப்பா அந்தக் காலத்து ஆள், சம அளவையே எதிர்பார்ப்பார்.

பழைய பார்மேன்

ஒரிஜினல் டிராம்பூயி இருந்தால் நானும் 25 ஊற்றுவேன். அது 40 சதவீதம், இனிப்புக்குச் சரியாகக் காரமும் உள்ளே இருக்கிறது. இவர் முதலில் செய்ததில் தேன் கிட்டத்தட்டப் பாதி. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஸ்காட்ச் பாட்டிலில் 42.8 போட்டிருக்கும், 180ஐ 330 ஆக்கினால் 23க்கு இறங்கிவிடுகிறது. இரண்டையும் ஒரே அளவில் ஊற்ற முடியாது.

திருப்பாப்புலியூர் தேனு

நான் இதெல்லாம் குடிக்கிறவள் இல்லை தம்பி, ஆனால் ஊறுகாய் போடுகிறவள். அதனால் எலுமிச்சம்பழத்தைப் பற்றி ஒரு வார்த்தை.

நீங்கள் படித்த குறிப்பில் லெமன் என்று இருந்திருக்கும். அது தடித்த தோல் மஞ்சள் பழம், நம் எலுமிச்சை இல்லை. அதிலும் சாறு கேட்டிருக்க மாட்டார்கள், தோலில் ஒரு சீவல் கேட்டிருப்பார்கள். தோலை வளைத்தால் கண்ணுக்குத் தெரியாமல் எண்ணெய் தெறிக்கும், வாசனைக்கு அது போதும். நீங்கள் சாறு பிழிந்ததில்தான் பாதிக் கலங்கல். நம் எலுமிச்சைத் தோல் மெலிசு, சீவினால் உள்ளே இருக்கிற வெள்ளையும் சேர்ந்து வந்து கசக்கும். நார்த்தங்காய் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். தோல் தடியாக இருக்கும், கத்தியால் மேலாகச் சீவினால் பச்சை மட்டும் வரும், வாசனை வீடு முழுக்க நிற்கும். இல்லையென்றால் கமலா ஆரஞ்சுத் தோல்.

மீதிக் கலங்கல் தேனில் இருந்து வந்தது. மலைத்தேன் என்றால் மெழுகும் மகரந்தமும் இருக்கும். வேட்டித் துணியை நாலாக மடித்து வடிகட்டி, பாட்டிலை இரண்டு மூன்று நாள் ஆட்டாமல் வையுங்கள். வண்டல் இறங்கியதும் மேலே தெளிந்ததை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள்.

மீன் வாடைக்கு ஃப்ரீசரைத் திறந்து பாருங்கள். ஐஸ் ட்ரேக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது?

லாஸ்பேட்டைக்காரன்

வஞ்சிரம். ஒன்றரைக் கிலோ. கவரில் கட்டி.

அக்கா, நீங்கள் குடிக்காமலேயே கண்டுபிடித்துவிட்டீர்கள்.

வில்லியனூர் வேலு

திறந்த ட்ரேயில் இருக்கிற ஐஸ் பக்கத்து வாடையை வாங்கிக்கொள்ளும். மூடி போட்ட டப்பாவில் உறைய வையுங்கள். போர்வெல் தண்ணீர் வேண்டாம், கடலோரத்து உப்பும் சுண்ணாம்பும் வெள்ளைத் தூளாகக் கிளாஸின் அடியில் நிற்கும். கேன் தண்ணீர் எடுங்கள்.

பத்து நிமிடத்தில் தண்ணீர் ஆவதற்கும் ஐஸ்தான் காரணம். பொடிப்பொடியாக இருந்தால் மேற்பரப்பு அதிகம், சீக்கிரம் கரையும். சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் உறைய வைத்து, ஒரு கிளாஸுக்கு ஒரே கட்டியாகப் போடுங்கள். கண்ணாடி மாதிரி தெளிந்த கட்டி வேண்டுமென்றால் ஒரு வழி இருக்கிறது. தெர்மோகோல் பெட்டியில் தண்ணீர் ஊற்றி, மூடாமல் ஃப்ரீசரில் வையுங்கள். பக்கமெல்லாம் சூடு தடுக்கப்பட்டிருப்பதால் மேலிருந்து கீழாக மட்டும் உறையும், காற்றும் அழுக்கும் அடியில் ஒதுங்கும். முழுக்க உறைவதற்கு முன் எடுத்து அடிப்பகுதியை வெட்டிப் போட்டுவிடலாம். திறந்து வைக்கிற முறை என்பதால் அந்த ஒரு நாளைக்கு வஞ்சிரத்தைக் குழம்பு வைத்துவிடுங்கள்.

சோடாமூடி

நெயில் என்று பெயர் இருக்கிறதே, ஆணி எப்போது போட வேண்டும்?

பழைய பார்மேன்

கேள்வி கேட்பவர் தலையில்.

மஞ்சக்குப்பம் மாப்பிள்ளை

நான் இவருக்கு மாமா பையன், அன்றைக்கு மாடியில் நானும் இருப்பேன். மீந்த ஸ்காட்சைக் கடலூருக்கு எடுத்துக்கொண்டு போகலாமா?

வில்லியனூர் வேலு

கடலூர் எல்லையில் ஆல்பேட்டை செக்போஸ்டில் டிக்கியைத் திறக்கச் சொல்வார்கள், புதுச்சேரி சரக்கு உள்ளே இருந்தால் கேஸ். அதைவிட முக்கியம், ஒரு ரஸ்டி நெயில் என்பது ஒரு லார்ஜைவிட (60 மில்லி) கொஞ்சம் அதிகம். தேன் அதை மறைத்துவிடும், இரண்டு உள்ளே போனதே தெரியாது. ராத்திரி அங்கேயே படுத்துவிட்டுக் காலையில் பஸ் ஏறுங்கள்.

வெண்ணெய் பிஸ்கட்

சித்தப்பாவிடம் பேச ஒரு கதை தருகிறேன். 1746இல் ஸ்காட்லாந்தில் கல்லோடன் போரில் தோற்ற சார்ல்ஸ் எட்வர்ட் என்ற இளவரசன் ஸ்கை தீவில் ஒளிந்திருந்தான், காப்பாற்றிய மக்கின்னன் குடும்பத்துக்கு நன்றியாகத் தன் சொந்த மருந்துச்சாராயக் குறிப்பைக் கொடுத்தான், அதுதான் டிராம்பூயி என்பார்கள். லேபிளில் விற்கிற கதை, நான் முழுசாக நம்ப மாட்டேன். ஆனால் அவன் கடைசியில் தப்பிப் போனது பிரெஞ்சுக் கப்பலில். அது உண்மை. அதே 1746இல்தான் இங்கே பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள், நாட்குறிப்பு எழுதிய நம் ஆனந்தரங்கப் பிள்ளை காலம். சொல்தா ஆளுக்கு இது பிடிக்கும்.

லாஸ்பேட்டைக்காரன்

ஐந்து நாள் கழித்து எழுதுகிறேன். புதிதாகச் செய்தேன். தேன் 60, வெந்நீர் 20, ஸ்காட்ச் 180, கிராம்பு ஒன்று. போனில் இரண்டு மணி நேரத்துக்கு அலாரம் வைத்து எடுத்தேன். துணியில் வடித்து, இரண்டு நாள் ஃப்ரிட்ஜ் மேலே ஆடாமல் நின்றது. அடியில் விரல் நகம் தடிமனுக்கு வண்டல், மேலே நல்ல தேன் நிறம்.

நேற்று ராத்திரி 45க்கு 15. பெரிய மார்க்கெட்டில் நார்த்தங்காய் கிடைத்தது, அதில் ஒரு சீவல். முதல் மடக்கும் கடைசி மடக்கும் ஒரே மாதிரி இருந்தது. அரை மணி நேரம் வைத்துக் குடித்தேன், கட்டி பாதிதான் கரைந்தது. மனைவி மோந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அது பாராட்டு.

லாஸ்பேட்டைக்காரன்

ஜூலை 15. சித்தப்பா என்ன சொன்னார் என்று எழுதுகிறேன்.

நான் கலந்து கொடுத்ததை மோந்தார், ஒரு மடக்கு குடித்தார், "கிராம்பா?" என்றார். மூக்கு அப்படி. அப்புறம் பெட்டியைத் திறந்து டிராம்பூயி பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தார். ஏர்போர்ட்டில் வாங்கியதாம். "உனக்கு இங்கே கிடைக்காதுன்னு தெரியும்டா, என்ன பண்றேன்னு பார்த்தேன்" என்கிறார். நான் மூன்று கடை ஏறி இறங்கியது அவருக்குத் தமாஷ்.

பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டையும் குடித்துப் பார்த்தோம். அசலில் தேன் முதலில் வருகிறது, அப்புறம் பச்சிலை மாதிரி ஒரு கசப்பு, கடைசியில் ஆரஞ்சுத் தோல். என்னுடையதில் தேன், அப்புறம் ஏலக்காய், பாயசம் நினைவு வருகிறது. இரண்டாவது கிளாஸுக்கு அவர் என்னுடையதைக் கேட்டார் என்று சொல்ல ஆசை, கேட்கவில்லை. ஆனால் முதல் கிளாஸை மிச்சம் வைக்காமல் குடித்தார். 25 ஊற்றச் சொன்னார், இனிப்பாக இருக்க வேண்டும் என்று வெண்ணெய் பிஸ்கட் சொன்னது சரி.

கடைசி சந்தேகம். பாட்டில் முக்கால் இருக்கிறது, விட்டுவிட்டுப் போகிறார். ஃப்ரிட்ஜில் வைக்கணுமா?

பழைய பார்மேன்

டிராம்பூயி வெளியிலேயே இருக்கட்டும், வெயில் படாத அலமாரியில், மூடியை இறுக்கி. உங்கள் தேன் சரக்கு வேறு கதை, தண்ணீரும் தேனும் சேர்ந்து 30 சதவீதத்துக்குப் பக்கம்தான் நிற்கும். அதை ஃப்ரிட்ஜில் வைத்து ஒரு மாதத்தில் முடித்துவிடுங்கள். வஞ்சிரத்துக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம்.